அமெரிக்க யூத முகாமில் ஒரு கோடை: கல்லூரி மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

பென்சில்வேனியாவில் போக்கனோ மலைப்பக்கம் யூதக் குழந்தைகளுக்கான ஒரு கோடைகால முகாமில் கவுன்சிலராக, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராக, வேலை பார்த்தேன். 'யூதரா இல்லாம எப்படிச் சேர்த்தாங்க?' என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். நீச்சல், ஓவியம், கூடைப்பந்து சொல்லித்தர வெளிநாட்டு மாணவர்களைப் பல யூத முகாம்கள் எடுக்கின்றன. எல்லா முகாமும் அப்படியில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் கேம்ப் கவுன்சிலர் என்று தனிப் பிரிவு உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதிகபட்சம் 4 மாதம். சமையல், பாத்திரம் கழுவும் வேலைக்கு இந்தப் பிரிவில் ஆள் எடுக்கக் கூடாது. யாராவது அப்படிச் சொல்லிக் கூப்பிட்டால் விலகிவிடுங்கள்.

பெரிய தலைவலி விசா இல்லை, நம் கல்லூரி நாட்காட்டி. முகாம் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில்தான் முடியும். அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் ஆரம்பித்துவிடும். துறைத் தலைவரிடம் ஜனவரியிலேயே பேசி, வருகைப்பதிவுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம் சாப்பாடு. கோஷர் என்ற யூத உணவு முறையில் இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது, பாத்திரம்கூட தனித்தனி. இரவுக்குக் கோழி என்றால் தயிர், வெண்ணெய் எதுவும் மேசைக்கு வராது, காபியும் பால் இல்லாமல்தான். நீங்கள் சைவம் என்றாலும் அந்த வேளையில் உங்களுக்கும் தயிர் கிடையாது! கோஷர் முத்திரை இல்லாத வெளிப்பண்டத்தைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி கடைசிவரை என் பெட்டியிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியமே பரபரப்பு தொடங்கிவிடும். பிள்ளைகளைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை தேடிக் கொடுத்து, அறையைப் பெருக்கி முடிப்பதற்குள் பொழுது சாயும். சப்பாத் என்ற வார ஓய்வுநாள் தொடங்கினால் சனி இரவு வரை போன் இல்லை, எழுத்து இல்லை (எங்கள் முகாமில் அப்படி, சில முகாம்களில் இவ்வளவு கண்டிப்பு கிடையாது). வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பதறிவிடுவார்கள். சனி இரவு நட்சத்திரம் தெரிந்ததும் சப்பாத்தை முடிக்கும் சடங்கான ஹவ்தாலா: பின்னல் மெழுகுவத்தி ஏற்றி, வாசனைப் பொருள் வைத்த சின்னப் பெட்டியைக் கைமாற்றி முகர்வார்கள். எங்கள் பெட்டியில் இருந்தது கிராம்பு. ஊர் ஞாபகம் வந்து ஒரு பையனிடமிருந்து இரண்டாவது தடவை வாங்கி முகர்ந்தேன்.

கோடை நடுவில் திஷா பாவ் வரும். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதற்கான துக்க நாள். பெரியவர்கள் நோன்பிருப்பார்கள், தரையில் உட்கார்ந்து புலம்பல் நூல் வாசிப்பார்கள். நாம் நோன்பிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று பாட்டு, கும்மாளம் வேண்டாம்.

சம்பளம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வேலை முடிந்ததும் 30 நாள் வரை அங்கே தங்கிச் சுற்றிப்பார்க்கலாம், கல்லூரி விட்டால்.