விருப்பப் பாடத்திலிருந்து செலவுக் கணக்குக்கு: எங்கள் எம்.பி.ஏ. பாடத்திட்டத்தை மாற்றிய அனுபவம்

கோவைப் பகுதியில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் மேலாண்மைத் துறையில் செலவுக் கணக்கியல் கற்பித்து வருகிறேன். எங்கள் எம்.பி.ஏ. மாணவர்களில் பெரும்பாலோர் திருப்பூர், ஈரோடு, கரூர் பகுதிகளிலிருந்து வருபவர்கள். வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ நூற்பாலையிலோ வேலை பார்ப்பார், அல்லது அப்படி ஒரு தொழிலை நடத்துவார். அவர்களுக்குச் சுற்றுச்சூழலையும் சமூகப் பொறுப்பையும் தொழில் கல்வியோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று துறையில் முடிவெடுத்து, 2018இல் ஒரு விருப்பப் பாடத்தைத் தொடங்கினோம். அதை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது.

மூன்று ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தினேன். ஒவ்வோர் ஆண்டும் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் வகுப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வந்தவர்களும் ஏற்கெனவே இதில் அக்கறை உள்ளவர்களாகவே இருந்தார்கள். ஆனால் என் மனத்தை உறுத்தியது அந்த எண்ணிக்கை அல்ல, ஒரு தேர்வுத்தாள். ‘ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செயல்பாட்டுக்கு எடுத்துக்காட்டு தருக’ என்ற கேள்விக்கு, ‘சாயப்பட்டறை தன் கழிவுநீரைச் சுத்திகரிப்பது’ என்று பலர் எழுதியிருந்தார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் தொழிலின் இயல்பான போக்கில் ஒரு நிறுவனம் செய்யும் வேலையை அந்தக் கணக்கில் காட்ட அதன் விதிகள் இடம் தருவதில்லை. தன் கழிவைத் தானே சுத்திகரிப்பது தொழில் நடத்துவதற்கான அடிப்படைக் கடமை. அதை ஊருக்குச் செய்யும் நன்கொடைபோல மாணவர்கள் எழுதியது அவர்கள் பிழையன்று. நாங்கள் கற்பித்த இடம் அப்படிப்பட்டது. லாபம் வந்த பிறகு அதில் 2 விழுக்காட்டை எப்படிக் கொடுப்பது என்பதைத் தனி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். அந்த லாபம் எப்படி வந்தது என்பதைப் பேச வேண்டிய கணக்கு வகுப்பிலோ, திருப்பூரின் சாயக்கழிவைச் சுமந்த நொய்யல் ஆற்றின் பெயரே வந்ததில்லை.

ஆகவே தனிப் பாடத்தை வளர்ப்பதை விட்டுவிட்டு, கட்டாயப் பாடங்களுக்குள்ளேயே இதைக் கொண்டுவர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். 2021 கோடை விடுமுறையில் இரண்டு சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து, முதலாண்டின் எல்லாப் பாடத்திட்டங்களையும் வரிவரியாகப் படித்தோம். பொருளியல் தாளில் ‘புறவிளைவுகள்’ (ஒருவர் தொழிலின் விளைவு பிறர் மேல் விழுவது) என்று ஒரே ஒரு சொல், சட்டத் தாளில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர், மனிதவளத் தாளில் தொழிலாளர் நலம் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. நிதியிலும் கணக்கியலிலும் செயல்பாட்டு மேலாண்மையிலும் எதுவும் இல்லை.

சக ஆசிரியர்களிடம் பேசியபோது வந்த முதல் மறுப்பு கொள்கை சார்ந்ததாக இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஐந்து அலகுகள், ஒவ்வோர் அலகுக்கும் கணக்கிட்ட மணி நேரம். புதிதாக ஒன்று வர வேண்டுமானால் பழையது ஒன்று போக வேண்டும். எதை எடுப்பது? இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நான் முதலில் என் தாளிலேயே விடை சொல்ல வேண்டியிருந்தது. செயல்முறைச் செலவியலில் முடிவுறாச் சரக்கை மதிப்பிட இரண்டு முறைகளை நெடுநாளாகக் கற்பித்து வந்தோம். அவற்றில் சராசரி முறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். கிடைத்த ஆறு மணி நேரத்தில் ஒரு கிலோ பின்னல் துணிக்குச் சாயமேற்றும் செலவுக் கணக்கை வைத்தேன்.

அந்தக் கணக்கை உருவாக்க ஒரு சாயப்பட்டறையின் மேலாளர் பல மாலை நேரங்களை எனக்காகச் செலவிட்டார். இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு ஒரு முறை எத்தனை லிட்டர் நீர் நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து அது தொடங்கும். இப்போதைய இயந்திரங்களில் 6 முதல் 10 லிட்டர் போதும். பழைய வின்ச் இயந்திரங்களில் அதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். அலசல்கள் தனி. சாயம் துணியில் ஏற உப்புச் சேர்க்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு நீரோடு நின்றுவிடும். செலவியல் பாடநூலில் ‘இயல்பான இழப்பு’ என்ற தலைப்பில், செயல்முறையில் வீணாகும் பொருளை விற்றால் கிடைக்கும் தொகையைச் செலவிலிருந்து கழிக்கக் கற்பிக்கிறோம். இங்கே வீணாவதை விற்க முடியாது, அதை அகற்றவே பணம் வேண்டும். வீணின் மதிப்பு எதிர்மறையாக இருந்தால் கணக்கு என்னவாகும் என்ற ஒரே கேள்வி, அந்த அலகு முழுவதையும் திருப்பிப் போட்டது.

மாணவர்கள் இரண்டு செலவுத் தாள்கள் தயாரிக்க வேண்டும். முதலாவது, கழிவு அப்படியே ஆற்றில் விடப்பட்ட காலத்துக்கானது. சாயம், ரசாயனம், நீராவி, கூலி, நீர் என்று சில வரிகளில் முடிந்துவிடும். இரண்டாவது, ஒரு துளியும் வெளியே விடாத இன்றைய முறைக்கானது. சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கி, அவற்றுக்கான மின்சாரம், எரிபொருள், சவ்வுகளை மாற்றும் செலவு எல்லாம் அதில் வரும். மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தும் நீருக்கும் உப்புக்கும் உரிய தொகை வரவில் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டபின் கேட்கும் கேள்வி: முதல் தாளில் இல்லாத இந்தத் தொகையை அந்தக் காலத்தில் கொடுத்தது யார்?

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மாணவர்களை ஒரத்துப்பாளையத்துக்கு அழைத்துச் சென்றோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக்கழிவுதான். அணைக்குக் கீழே உள்ள விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஆற்றில் கழிவு கலக்கவே கூடாது என்ற நிலையை எட்டுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கில் விவசாயிகள் பக்கமே நின்றது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இவற்றை வகுப்பில் சொன்னபோது குறித்துக்கொண்ட மாணவர்கள், அங்கே போனதும் பேனாவை மூடிவிட்டார்கள். முதிய விவசாயி ஒருவர் தம் தோட்டத்து வரப்பில் குனிந்து, மேல் மண்ணை விரலால் சுரண்டி ஒரு மாணவியின் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. “நாக்குல வெச்சுப் பாரு கண்ணு” என்றார். அவருடைய கிணற்று நீரில் மாணவர்கள் கொண்டுவந்த சிறு கருவியை வைத்தபோது, கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. வேறு நீரே இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை. அந்த மாணவி திரும்பும் வழியில் முதல் தாளை எடுத்து, அடியில் ‘கிணறு’ என்று ஒரு வரி சேர்த்தார். தொகை எதையும் எழுதவில்லை.

இந்த இடத்தில் என் திட்டத்தில் இருந்த ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதைச் சுட்டிக்காட்டியவர் ஒரு மாணவர். அவருடைய தந்தையின் சிறிய பட்டறை 2011இல் மூடப்பட்டு, பிறகு திறக்கவே இல்லை. வகுப்பு முடிந்ததும் வந்து, “சார், அந்த வருஷம் எங்க வீட்ல நாலு மாசம் வாடகை கொடுக்கல. எங்ககிட்ட வேலை பார்த்த பன்னிரண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. உங்க தாள்ல அது எங்க இருக்கு?” என்று கேட்டார். எங்கும் இல்லை. தவறு செய்தவர், பாதிக்கப்பட்டவர் என்று இரண்டே பக்கமாக நான் அமைத்திருந்த பயிற்சி, மாற்றத்தின் செலவைச் சிறியவர்கள் எப்படிச் சுமந்தார்கள் என்பதைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மூன்றாவது தாளைச் சேர்த்தேன். ஒரே சுத்திகரிப்புச் செலவு, நாளுக்குப் பல டன் துணி சாயமேற்றும் ஆலையிலும் சில நூறு கிலோ மட்டும் செய்யும் பட்டறையிலும் கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்கிட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அந்த வேறுபாட்டை எவ்வளவு குறைக்கிறது என்று காட்ட வேண்டும். வகுப்பில் மிகக் கூர்மையான விவாதங்கள் நடப்பது இப்போது இந்தத் தாளின் மேல்தான்.

பாடத்திட்டக் குழுவில் ஒப்புதல் பெறுவதற்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாளர், ஆளெடுக்க வரும் நிறுவனங்கள் இதையெல்லாம் கேட்குமா என்றார். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பொறுப்பும் நீடித்த தன்மையும் பற்றிய அறிக்கையை 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாகத் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையை அவரிடம் கொடுத்தேன். நீர்ப் பயன்பாடு, கழிவு, கார்பன் வெளியேற்றம், ஊதிய விகிதம் ஆகியவற்றை எண்களாகக் கேட்கிறது அந்த அறிக்கை. எண்களைத் திரட்டித் தர யாராவது வேண்டும். ஆனாலும் குழுவின் மனத்தை மாற்றியது அந்தச் சுற்றறிக்கை அன்று, தொழில்துறைப் பிரதிநிதியாக வந்திருந்த ஓர் ஏற்றுமதியாளரின் பேச்சு. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வெளிநாட்டு வாங்குநர்களின் தணிக்கையாளர்கள் தம் ஆலையில் படிக்கட்டின் அகலத்தையும் கூலிப் பதிவேட்டையும் எப்படிப் பார்த்தார்கள் என்று விவரித்தார். அந்தத் தணிக்கையை எதிர்கொள்ளத் தெரிந்த பட்டதாரி தமக்குக் கிடைக்கவில்லை என்றார். அன்றே ஒப்புதல் கிடைத்தது. களப்பணிக்கு உள்மதிப்பீட்டில் 20 மதிப்பெண் ஒதுக்கினார்கள்.

மற்றப் பாடத் தாள்களில் மாற்றம் ஒரே அளவில் நடக்கவில்லை. சட்ட ஆசிரியர் முழுமனத்தோடு செய்தார். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்ற தீர்ப்பை மாணவர்கள் முழுதாகப் படிக்கிறார்கள். செயல்பாட்டு மேலாண்மையில் துணி, நீர் விகிதத்தைக் கொண்டே திறன் கணக்கீடு கற்பிக்கிறார்கள். நிதித் தாளில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி வீதத்தைப் போட்டுப் பார்த்தால் இருபது ஆண்டு கழித்து வரும் பாதிப்பு இன்றைய மதிப்பில் மிகச் சிறிய தொகையாகிவிடும். அந்த வாய்பாட்டை மாணவர்கள் கேள்வி கேட்கலாமா என்பதில் அந்த ஆசிரியருக்கும் எனக்கும் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. அவர் சொல்வதிலும் பொருள் உண்டு என்பதால் அவசரப்படவில்லை.

இடையில், பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்காக ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவோடு 2007இல் தொடங்கிய பிரைம் அமைப்பில் சேரலாம் என்று கல்லூரி நிர்வாகம் விரும்பியது. அதன் கோட்பாடுகள் நல்லவை. சேரும் நிறுவனம் தன் முன்னேற்றத்தைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்ற விதியும் நல்லது. ஆனால் அறிக்கையில் எழுத முதலில் ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று சொல்லி, மூன்று பாடத் தாள்களிலாவது மாற்றம் நிலைபெறும் வரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். நிர்வாகம் அதை ஏற்றது.

சாயமேற்றும் கணக்கின் இரண்டாவது செலவுத் தாளில் ஒரு வரியை நான் இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன். ஆவியாக்கி எல்லா உப்பையும் மீட்டுத் தருவதில்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு கடைசியில் மிஞ்சி, மூட்டைகளில் அடைக்கப்பட்டுச் சுத்திகரிப்பு நிலைய வளாகங்களில் கூரைக்கு அடியில் அடுக்கப்படுகிறது. அதை மழை தொடாமல் காக்கும் செலவை இந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவதா, வரும் ஆண்டுகளுக்கு ஒதுக்கீடாகக் காட்டுவதா, அப்படியானால் எத்தனை ஆண்டுகளுக்கு என்று சென்ற மாதம் ஒரு மாணவி கேட்டார். எங்களுக்கு உதவிய மேலாளரிடம் அதே கேள்வியைக் கொண்டு போனேன். அவர் என்னைக் கிடங்குக்கு அழைத்துச் சென்று மூட்டைகளைக் காட்டினார். அடியில் இருந்தவற்றில் தேதிச் சீட்டின் எழுத்து மங்கிவிட்டிருந்தது. வரும் பருவத்தில் அந்த வரியை நிரப்புவதே மாணவர்களின் களப்பணி.