கென்யாவில் வேலை அனுமதி: உங்கள் பெயர் மட்டும் போதாது

திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்குகள் சிலருக்கு ஆதி ரிவர் என்ற பெயர் தெரிந்திருக்கும். நைரோபிக்குத் தென்கிழக்கே, ஏற்றுமதி மண்டலம் உள்ள ஊர். அமெரிக்கா 2000-இல் அகோவா சட்டம் கொண்டுவந்த பிறகு வரியில்லாமல் துணி அனுப்பலாம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. அப்படி ஒரு ஆலைக்குப் பராமரிப்பு மேற்பார்வையாளராக 2018-இல் போனேன். அங்கே வேலை அனுமதி வாங்குவது பற்றிப் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு உரியது கிளாஸ் டி அனுமதி. விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான். பாஸ்போர்ட் நகல், சான்றிதழ்கள், கம்பெனியின் கடிதம், அவர்கள் வரி பாக்கி இல்லாதவர்கள் என்பதற்கான சான்று, இவையெல்லாம் எங்கும் கேட்பவைதான். நான் போட்டபோது திருப்பித் தராத விண்ணப்பக் கட்டணம் 10,000 ஷில்லிங், அனுமதி கிடைத்தால் வருடத்துக்கு 2,00,000. பிறகு ஏற்றிவிட்டார்கள், அதனால் இந்த எண்ணை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். எதுவாக இருந்தாலும் கம்பெனி கட்ட வேண்டிய பணம் அது. உங்கள் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொன்னால் அந்த வேலையே வேண்டாம் என்பேன்.

நிஜமான வேலை அண்டர்ஸ்டடி விஷயத்தில்தான். நம் கூடவே இருந்து நம் வேலையைக் கற்று, பின்னால் அதே நாற்காலியில் உட்கார வேண்டிய ஒரு கென்யரைக் காட்ட வேண்டும். ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்பதால்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள், அப்படியென்றால் ஆளை உருவாக்கிவிட்டுப் போ என்கிற கணக்கு. எனக்கு இது நியாயமாகவே பட்டது. ஆனால் பல கம்பெனிகள் ஸ்டோரில் இருக்கும் யாரோ ஒருவர் பெயரைப் போட்டு வேலையை முடித்துவிடும். எங்கள் ஆலையும் முதலில் இரண்டு வரியில் ஒரு கடிதம் வைத்தது. விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. குறுகிய காலத்துக்கான ஸ்பெஷல் பாஸில் இருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதற்கிடையே நகரத்து முகவர் ஒருவர், பணம் கொடுத்தால் கோப்பை நகர்த்துகிறேன் என்று தூது விட்டார். கொடுக்கவில்லை.

சரி, யாரைப் போடுவது? அங்கேதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். ஆதி ரிவர் மச்சாகோஸ் கவுண்டியில் இருக்கிறது, சுற்றியுள்ளவர்களில் கம்பா சமூகத்தினர் அதிகம். தையல் வரிசைகளில் கிகூயு, லுயா, லுவோ என்று எல்லோரும் உண்டு. பேசுவது சுவாஹிலி, ஆனால் பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். உள்ளூர் ஆளைப் போடுங்கள் என்று ஒரு குரல், ஏற்கெனவே சூப்பர்வைசர்கள் எல்லாம் ஒரே பக்கத்து ஆட்களாக இருக்கிறார்களே என்று இன்னொரு குரல்.

எங்கள் மனிதவள அலுவலர் ஒரு கென்ய அம்மா, அனுபவசாலி. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு சமூகங்களுக்கிடையே நடந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள் என்பதை அவர் வாயால்தான் விவரமாகக் கேட்டேன். அதை ஒட்டி 2008-இல் வந்த சட்டம், பொது நிறுவனங்களில் எந்த ஒரு சமூகத்தினரும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. எங்களுடையது தனியார் ஆலை, அந்த விதி எங்களைக் கட்டாது. இருந்தாலும் அவர், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், செய்முறைத் தேர்வு வைப்போம், ஜெயித்தவர் பெயர்தான் கோப்புக்குப் போகும் என்று ஒரே பிடியாக நின்றார். ஓவர்லாக் மெஷினில் லூப்பரை, அதாவது நூலை வளையமாகக் கோக்கும் பாகத்தை, கலைத்து வைத்தேன். சரிசெய்து, தையல் விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். மேற்கே சியாயா பக்கத்து லுவோ இளைஞர் ஒருவர் மற்றவர்களை விட நன்றாகவே முந்தினார். எல்லோர் முன்னாலும் நடந்ததால் முணுமுணுப்பும் அடங்கியது.

அப்புறம் மாதவாரியாக ஒரு பயிற்சித் திட்டம் எழுதினோம். எந்த மாதம் எந்த மெஷின், எப்போது உதிரிபாக ஆர்டர் அவர் கைக்குப் போகும் என்பது வரை. அதை இணைத்ததும் அனுமதி வந்தது.

அனுமதியைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதற்கும், வெளிநாட்டவர் அட்டைக்குக் கைரேகை கொடுப்பதற்கும் நைரோபியில் குடிவரவு அலுவலகம் இருக்கும் நயாயோ ஹவுஸ் போனேன். கென்யாட்டா அவென்யூவில் இருக்கும் உயரமான கட்டடம். ஜனாதிபதி மோய் ஆட்சியில், 1980-களில், அதன் அடித்தளத்தில்தான் அரசியல் கைதிகளைச் சித்திரவதை செய்தார்கள் என்று கூட வந்த ஓட்டுநர் சொன்னார். மேலே எல்லோரும் டோக்கனும் ஃபைலுமாகச் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தவர்கள் குஜராத்தியா என்றுதான் கேட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ரயில் பாதை போட்ட காலத்திலிருந்து பஞ்சாபிகளையும் குஜராத்திகளையும் பார்த்துப் பழகிய ஊர், கென்ய இந்தியர்களை 2017-இல் 44-ஆவது இனமாகவே அரசு அறிவித்துவிட்டது. தமிழ் என்று சொல்லி விளக்குவதற்குள் டோக்கன் வந்துவிடும்.

அனுமதி அதிகபட்சம் இரண்டு வருடம். புதுப்பிக்கும்போது அண்டர்ஸ்டடி என்ன கற்றார் என்று கேட்டார்கள், காட்ட எங்களிடம் இருந்தது. அடுத்த முறை நான் புதுப்பிக்கவில்லை, நாற்காலி அவருடையது.

கென்யாவை விட்டுக் கிளம்புபவர்களுக்கு ஒன்று: கடைசி வருடத்துச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் பி9 படிவத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வருமான வரிக் கணக்கை அடுத்த ஜூன் 30-க்குள் போட வேண்டும், நாட்டை விட்டு வந்துவிட்டாலும் ஆன்லைனில் போடலாம். தவறினால் குறைந்தது 2,000 ஷில்லிங் அபராதம்.