காற்றுச்சக்தி பேப்பர்: சராசரி வேகத்துக்குக் கனம் எடுக்காதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. காற்றுச்சக்திக்கு ஏ. அல்ஹம்துலில்லாஹ்! ஒலுவில் கம்பஸில் அடுத்து இதே பாடம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

காற்றின் வலு வேகத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏற்ப மாறும் என்ற சூத்திரம் எல்லோருக்கும் பாடம். மார்க்ஸ் போவது வேறு இடத்தில்: சராசரி வேகத்தை எடுத்து நேரே கனமாக்கிவிடுகிறார்கள். குப்பியில் (மாணவர்கள் தமக்குள் நடத்தும் வகுப்பில்) நான் திரும்பத் திரும்பப் போட்ட கணக்கு இதுதான். பாதி நேரம் செக்கனுக்கு 4 மீற்றர், மீதி நேரம் 8. சராசரி 6, அதன் கனம் 216. தனித்தனியே கனம் எடுத்துப் பிறகு சராசரி பார்த்தால் 288. உண்மையில் கிடைக்கும் சக்தியில் கால்வாசி கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது! காற்று வேகம் ரேலே பரம்பலில் (வேகங்கள் எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் ஒரு புள்ளிவிவர வடிவம்) இருப்பதாகத் தந்திருந்தால் சராசரியின் கனத்தை 1.91 ஆல் பெருக்குங்கள். வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

எனக்குப் பாடம் பிடிபட்டது மன்னார் தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் எண்களை வைத்துத்தான். 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், சுழலி விட்டம் 126 மீற்றர். செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தில் அந்த வட்டத்துக்குள்ளால் போகும் வலு 13 மெகாவாட் அளவில் வரும். பெட்ஸ் எல்லைப்படி (காற்றின் வலுவில் ஒரு சுழலி எடுக்கக்கூடிய உச்சம், சுமார் 59%) 7.8 வரை எடுக்கலாம். பிறகு ஏன் 3.45 உடன் நிறுத்துகிறார்கள்? மின்பிறப்பாக்கியின் கொள்ளளவு அவ்வளவுதான். மிச்சக் காற்றை இதழைத் திருப்பி வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். இதைச் சொந்த வசனத்தில் சொல்ல முடிந்தால் பிட்ச் கட்டுப்பாட்டுக் கேள்வி எப்படி வந்தாலும் பயமில்லை.

மற்றவை சுருக்கமாக:

- வெப்பநிலை தந்திருந்தால் காற்றின் அடர்த்திக்கு வழமையான 1.225 (கன மீற்றருக்குக் கிலோகிராம்) போடாதீர்கள். கச்சான் காற்று வீசும் 35 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி 1.15 தான். நம் ஊர்க்காரருக்கு இது மறக்கவே கூடாது.
- டிஎஃப்ஐஜி (ஸ்டேட்டர், ரோட்டர் இரண்டும் மின்வலையோடு இணையும் மின்பிறப்பாக்கி) கணக்கில் முதலில் ஸ்லிப்பின் (ஒத்தியங்கு வேகத்துக்கும் ரோட்டர் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் விகிதம்) குறியை எழுதுங்கள். நான்கு முனை, 50 ஹேர்ட்ஸ், நிமிடத்துக்கு 1650 சுற்று என்றால் ஸ்லிப் மறை 0.1. ஸ்டேட்டர் 1 மெகாவாட் கொடுத்தால், இழப்பை விட்டுப் பார்க்க, ரோட்டரும் 100 கிலோவாட் வெளியே கொடுக்கும்.
- வலு வளையியை (காற்று வேகத்துக்கு எவ்வளவு வலு என்று காட்டும் வரைபை) வரைந்துவிட்டே விடை எழுதத் தொடங்குங்கள்.
- தனியே இருந்து வாசிக்காதீர்கள். ஆங்கிலத்தில் கேட்ட விரிவுரையைத் தமிழில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் படிக்க வேண்டும்.

குப்பி வேண்டுமென்றால் அஸர் தொழுகைக்குப் பிறகு லைப்ரரிப் பக்கம் வாருங்கள். கல்குலேட்டரைக் கையோடு கொண்டு வாருங்கள்.