கோரையோடு ஒரு கோடை

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று வருடம் கழித்துக் கொல்லைக் கதவைத் திறந்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் திறந்தது. வெளியே அவ்வளவு செடி. சேலையூர் வீட்டின் பின்புறம், 30க்கு 20 அடி. இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியம், நடுவே ஆமணக்கு, நாயுருவி, மதிலோரம் ஒரு சீமைக் கருவேலம். இதைப் புல்தரை ஆக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: "புல்லைப் பிடுங்கிட்டுப் புல் வைக்கப் போறியா?"

ஏப்ரல் 13

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும். பாதி பூத்துவிட்டது. பூத்ததைத் தனியாகச் சாக்கில் கட்டினேன். உரக்குழியில் போட்டால் அடுத்த வருடம் அதே கூட்டம் திரும்பி வரும். முதல் நாளே தண்ணீர் விட்டு வைத்ததால் வேரோடு வந்தது. முழுக்கை சட்டை, கையுறை எல்லாம் போட்டும் கழுத்தில் அரிப்பு. நடுவில் ஒரு சாரைப்பாம்பு வெளியேற அரை மணி நேரம் வழிவிட்டோம். அம்மாவின் துவைக்கிற கல் கிடைத்தது.

ஏப்ரல் 27

ஒரு தப்பு செய்துவிட்டேன். 15ஆம் தேதி அவசரப்பட்டுப் பவர் வீடர் வைத்து மொத்தமும் ஓட்டினேன். மண் பொலபொலவென்று பார்க்க அழகாக இருந்தது. இன்று தரை முழுக்க ஊசி ஊசியாகக் கோரை.

கூலிக்கு வந்த பெரியவர் ஒரு கொத்தைக் கடப்பாரையால் நெம்பிக் காட்டினார். நூலில் கோத்த மணி மாதிரி வரிசையாகக் கிழங்குகள். "சேந்திருந்தா தலையில இருக்கிறதுதான் முளைக்கும் தம்பி, மத்தது தூங்கும். நீ வெட்டி விட்டுட்ட, எல்லாம் முழிச்சுக்கிச்சு."

மே 4

கத்திரி தொடக்கம். ஒரு வாரமாகக் கிழங்கு தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்ததில் இரண்டு வாளி சேர்ந்தது. முதுகைப் பற்றி எழுத வேண்டாம்.

இன்று தரையைச் சமன் செய்து, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரமெல்லாம் மண் அணைத்தேன். கறுப்பு வேண்டாம் என்று கண்ணாடி மாதிரி இருப்பதைத்தான் வாங்கினேன். அதில் வெயில் உள்ளே இறங்கி, ஈர மண்ணை வேகவைக்கும். பார்த்தீனிய விதைக்கு இது போதும். கோரை இதற்கெல்லாம் முழுசாகச் சாகாது.

ஜூன் 8

விரிப்பை எடுத்தேன். களை ஒன்றும் இல்லை. நம்பவில்லை. தண்ணீர் விட்டுக் காத்திருக்கிறேன்.

ஜூன் 15

எதிர்பார்த்தது போலவே எட்டிப் பார்க்கிறது, 37 கோரை. எண்ணி எண்ணித் தோண்டினேன், கிழங்கு அறுந்துவிடாமல்.

ஜூன் 22

செம்மண் வந்தது. 600 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் 100 கன அடி, சரியாக ஒரு யூனிட். லாரி சந்துக்குள் நுழையாது. தெருமுனையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் பெரியவரும் பாண்டு பாண்டாகச் சுமந்தோம். மாட்டெருவைத் தொடவில்லை. சரியாக மட்காத எருவில் களை விதை இலவசமாக வரும். மண்புழு உரம்தான் கலந்தேன்.

டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். வீட்டிலிருந்து மதில் வரை 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு. ஐப்பசி மழை வாசற்படிக்கு வராமல் இருக்க இதுதான் முக்கியம்; புல் எல்லாம் அப்புறம்.

ஜூன் 29

தண்ணீர் தெளித்து, நடந்து நடந்து, பள்ளம் விழுந்த இடத்தில் மண் போட்டேன். என்ன புல் என்று விசாரிக்க நர்சரிக்குப் போனேன். கொரியன் புல் அடர்த்தியாக வரும், மெத்துமெத்தென்று இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் பரவும், விலையும் அதிகம். பெர்முடா வெயில் தாங்கும், வேகமாகப் பரவும் என்று ஒரு தட்டைக் காட்டினார்கள். உற்றுப் பார்த்தால் அருகம்புல்!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கிணற்றடியைக் காட்டினாள். அங்கே ஒரு திட்டு, யாரும் வைக்காமலே. "பிள்ளையாருக்குப் பறிக்கவும் ஆச்சு."

ஜூலை 6

கிணற்றடி அருகைப் பெயர்த்து, கணுவோடு துண்டு துண்டாக நறுக்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக் காலை, நாலு அங்குல இடைவெளியில் நடவு.

மாலையில் கடைசியாக ஒரு சுற்று பார்த்தேன். கோரை நான்கு. தோண்டி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், மதிலோரம் நாலடி அகலத்துக்கு யாரோ கயிறு கட்டியிருக்கிறார்கள். உள்ளே முளைக்கீரை விதை தூவி ஈரமும் காயவில்லை. கேட்டதற்கு அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.