எக்ஸ்வி6 கெர்னல்: எழுதினால் மட்டும் நகல்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிந்து, மண்டபத்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. எஞ்சின் பட்டறையில் வேலை தணிந்ததால் இரவுகள் எனக்குக் கிடைத்திருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்களுக்காக 2006-இல் உருவான எக்ஸ்வி6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இம்முறை ஃபோர்க்கில், அதாவது ஓடும் நிரலைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் அழைப்பில், கை வைத்திருக்கிறேன்.

ஃபோர்க் அழைத்தால் எக்ஸ்வி6 தாய்ப் புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) நினைவகம் முழுவதையும், 4096 பைட் பக்கங்களாக, பிள்ளைக்கு நகலெடுக்கிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் ஒரு சின்னக் கட்டளை அடித்தாலும் இதே கதைதான்: நகலெடுத்த கையோடு, புது நிரலை ஏற்றும் எக்ஸெக் வந்து அத்தனையையும் தூக்கி எறிகிறது. இந்த வீண் வேலையைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மாற்று வழி, பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டா மாதிரி. தாயும் பிள்ளையும் அதே பக்கங்களை வைத்துக்கொள்வார்கள். எழுதும் உரிமை இருவருக்கும் இல்லை. ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலியில், புராசஸின் முகவரிகளை நினைவகப் பக்கங்களோடு இணைக்கும் பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் மென்பொருளுக்கென்றே இரண்டு பிட்கள் உண்டு. அதில் ஒன்றைப் பங்குப் பக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு பிள்ளையை எழுதவிட்டுப் பார்த்தேன். மறிப்பின் காரணத்தைச் செயலி குறித்துவைக்கும் எஸ்காஸ் பதிவேட்டில் 15: எழுதப் போய் மறிக்கப்பட்டதற்கான எண். எஸ்டிவால் என்ற இன்னொரு பதிவேட்டில், பிள்ளை தொட முயன்ற முகவரி. என்னிடமுள்ள பதிப்பில் 15 வந்தால் கெர்னல் புராசஸைக் கொன்றுவிடும். இப்போது கெர்னல் புதுப் பக்கம் எடுத்து, நகலெடுத்து, எழுதும் உரிமையோடு திருப்பி அனுப்புகிறது. மறிக்கப்பட்ட அதே ஆணை மறுபடி ஓடுகிறது. புராசஸுக்கு நடந்தது எதுவுமே தெரியாது. எத்தனை அழகான ஏற்பாடு!

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, தாய் முதலில் முடிந்துபோனால் அந்தப் பக்கத்தை யார் காலி செய்வது?" சரியான கேள்வி. ஒவ்வொரு பக்கத்துக்கும் பங்காளிகள் எத்தனை என்று கணக்கு வைத்து, பூஜ்யமானால்தான் விடுவிக்க வேண்டும். கணக்குக்குப் பூட்டும் தேவை. செயலியின் இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் குறைத்தால் பிசகிவிடும். விடுவித்த பக்கத்தை எக்ஸ்வி6 முழுக்க 1-ஆல் நிரப்புவது இங்கே பெரிய உதவி: காலியான பக்கத்தை யாராவது படித்தால் அந்தக் குப்பை கண்ணில் பட்டுவிடும்.

எக்ஸ்வி6-இன் மொத்த நினைவகமான 128 எம்பியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டு ஃபோர்க் அழைக்கும் சோதனை முன்பு இடமில்லை என்று நின்றுவிடும். இப்போது ஓடுகிறது.

மிச்சம் காப்பிஅவுட்: கெர்னலிடமுள்ள தரவைப் பயனர் புராசஸின் நினைவகத்துக்கு நகலெடுக்கும் பகுதி. அங்கே கெர்னல் தன் சொந்த அட்டவணை வழியாகப் பயனரின் பக்கத்தில் எழுதுவதால் மறிப்பே விழாது. பங்குப் பக்கம் இருவருக்கும் சேர்த்து மாறிவிடும். புராசஸ்களுக்கு இடையே தரவு கடத்தும் பைப்பிலிருந்து படிக்கும் சோதனை அதனால்தான் இன்னும் தேறவில்லை. அடையாளப் பிட்டைக் காப்பிஅவுட்டிலேயே பார்த்து நகலெடுக்க வேண்டும். இந்த வாரம் அந்த வேலை.