ஒரே ஒரு துளிக் கண்ணீர்

என் மகள் ஆள்காட்டி விரலால் அந்தப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை முயலின் கன்னத்தில் அச்சிட்டிருந்த கண்ணீர்த் துளி விரலுக்குப் போகவில்லை என்றதும், பாவாடை நுனியை எடுத்து மறுபடியும் துடைத்தாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. கண்களுக்கு இரண்டு கரும்புள்ளிகள், வாய்க்கு ஒரு பெருக்கல் குறி, அதற்கு மேல் ஒரு துளி. அந்த முகத்தில் இருந்தது அவ்வளவுதான். இவ்வளவு குறைவான கோடுகளுக்கு ஒரு குழந்தை ஏன் இப்படி இரங்குகிறது என்று அன்றிரவு யோசிக்கத் தொடங்கியவன், அந்த முயலின் கதைகளையும் அதை வரைந்தவரைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்து முடித்தேன்.

முயலின் பெயர் ஆங்கிலத்தில் மிஃபி. அது மொழிபெயர்ப்பாளர் ஓலிவ் ஜோன்ஸ் வைத்த பெயர். பிறந்த மண்ணான நெதர்லாந்தில் அதன் பெயர் நைன்ச்சே. டச்சு மொழியில் முயல்குட்டியைக் 'கொனைன்ச்சே' என்பார்கள். முழுச்சொல்லும் நாவில் வராத குழந்தை முதல் அசையை விட்டுவிட்டுச் சொன்னால் என்ன வருமோ, அதுவே பெயராகிவிட்டது. 1955ஆம் ஆண்டு எக்மொண்ட் ஆன் ஸே என்ற கடற்கரை ஊருக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றிருந்த டச்சு ஓவியர் டிக் புரூனா, அங்கே மணல்மேடுகளில் பார்த்த முயலைப் பற்றித் தம் மகனுக்கு இரவில் கதை சொன்னார். அந்தக் கதைகளிலிருந்து அதே ஆண்டில் முதல் புத்தகம் வந்தது. அந்த முதல் முயலின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். துணிப்பொம்மையைப் போலத் தொங்கும் காதுகளோடு, எனக்கு அது வேறு யாரோ வரைந்ததைப் போலவே இருக்கிறது. இன்று நாம் அறிந்த உருவம், நிமிர்ந்த காதுகளும் நேராகப் பார்க்கும் முகமுமாக, 1963இல் தான் வந்தது.

புத்தகத்தின் உருவமும் அதற்குள் முடிவாகியிருந்தது. பக்கத்துக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் உள்ள சதுரப் புத்தகம். இடப்பக்கம் நான்கு வரிப் பாட்டு, வலப்பக்கம் ஒரு படம். மொத்தம் பன்னிரண்டே படங்கள். குழந்தை தன் இரண்டு கைகளால் தானே பிடித்துத் திறக்கக்கூடிய அளவு அது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று எண்ணி எடுத்த வண்ணங்கள்தான். பழுப்பு ஒரு நாய்க்காகவும் சாம்பல் நிறம் யானைக்காகவும் பிறகு சேர்ந்தன. உடல் பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் முகம் மட்டும் எப்போதும் நம்மை நோக்கியே இருக்கும். மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணும் முயலின் கண்ணும் நேருக்கு நேர் சந்திப்பதால், பக்கத்தில் நடப்பது வேறு யாருக்கோ நடப்பதாகக் குழந்தைக்குத் தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

புரூனா அந்தக் கோட்டை எப்படிப் போட்டார் என்பதுதான் என்னை அதிகமாகப் பிடித்து வைத்த செய்தி. ஒரே படத்தை மெல்லிய தாளில் திரும்பத் திரும்ப வரைந்து, தேறியதைக் கெட்டியான நீர்வண்ணத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் அழுத்தி வரைவார். கீழ்த்தாளில் பதியும் தடத்தின்மேல் தூரிகையைக் கறுப்பு வண்ணத்தில் தோய்த்து மெல்ல மெல்ல நகர்த்துவார். அதனால் அவருடைய கோடு நேர்கோடு போலத் தோன்றினாலும் அருகில் வைத்துப் பார்த்தால் விளிம்பில் மிக நுண்ணிய நடுக்கம் தெரியும். பிறகு அந்தக் கறுப்புக் கோட்டை ஒளிபுகும் படச்சுருளுக்கு மாற்றி, வண்ணத் தாள்களை அடியில் வைத்துப் பார்த்து, எந்தச் சிவப்புக்கு எந்த நீலம் பொருந்தும் என்று முடிவு செய்து கத்தரித்து ஒட்டுவார். கண்புள்ளி ஒரு மயிரிழை இடம் மாறினாலும் முகத்தின் மனநிலையே மாறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒருநாள் வெள்ளைத் தாளில் முயற்சி செய்து பார்த்தேன். இரண்டு புள்ளியையும் ஒரு பெருக்கல் குறியையும் பன்னிரண்டு முறை வைத்தும், ஒன்றுகூட நைன்ச்சே ஆகவில்லை.

இந்த எளிமையைத் தேடி அவர் வெகுதூரம் போய் வந்திருக்கிறார். உட்ரெக்ட் நகரில் தந்தையாருக்குப் பதிப்பகம் இருந்தது. தொழில் கற்றுக்கொள்ள மகனை லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார்கள். மகனோ அருங்காட்சியகங்களில் மத்தீஸ், லெஜே ஓவியங்களின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு அதே பதிப்பகத்தின் மலிவுப்பதிப்பு நாவல்களுக்கு ஏறத்தாழ 2000 அட்டைகள் வரைந்தார். அந்த வரிசையின் சின்னமான கறுப்புக் கரடிக்கு இரவெல்லாம் படித்துச் சிவந்த கண்களை வைத்தவரும் அவரே. துப்பறியும் நாவலின் அட்டை கடையில் ஒரு நொடியில் கண்ணைப் பிடிக்க வேண்டும், தேவையற்ற ஒரு பொருள்கூட அதில் இருக்கக் கூடாது. அந்தப் பயிற்சியே குழந்தைப் புத்தகத்திலும் கைகொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

வீட்டில் நான் இந்தப் புத்தகங்களைப் பார்த்தபடியே தமிழில் சொல்வது வழக்கம். டச்சு மூலத்தில் இரண்டாம் வரியும் நான்காம் வரியும் இயைபோடு முடியும். ஆங்கிலத்திலும் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தமிழில் முதலில் நானும் கடைசிச் சொற்களைப் பொருத்தப் பார்த்தேன். மகளின் காது அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. வரியின் தலையில் எதுகை விழுந்ததும் அவளே கூடச் சேர்ந்து பாடத் தொடங்கினாள். கடற்கரைக் கதைக்கு நான் சொந்தமாகக் கட்டிய இரண்டு வரிகள் இவை: 'சிப்பி பொறுக்கினாள் கரையோரம், அப்பா நின்றார் அருகோரம்.' மூலத்துக்கு இது மொழிபெயர்ப்பு ஆகாது. ஆனாலும் சிப்பியையும் அப்பாவையும் இணைக்கும் அந்த ஒற்றெழுத்துக்காகவே அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். 50க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய், 8 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்ற கதைகள் இவை. ஒவ்வொரு மொழியும் அந்த நான்கு வரியில் தன் சொந்த ஓசையைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அவள் துடைத்த கண்ணீர் 1991இல் வந்த கதையில் இருக்கிறது. அதில் முயல் தன் பொம்மைக் கரடியைத் தொலைத்துவிட்டு அழுகிறது. பொம்மை கிடைத்துவிடுவதால் என் மகளும் அன்றே சமாதானமானாள். 1996இல் வந்த இன்னொரு கதையில் இழந்தது திரும்பி வருவதில்லை, ஏனென்றால் அதில் இறந்துபோவது நைன்ச்சேயின் பாட்டி. படுக்கையில் கண்மூடிக் கிடக்கும் பாட்டி, பிறகு சவப்பெட்டி, பிறகு கல்லறை. எதையும் மறைக்காமல் அதே பளிச்சென்ற வண்ணங்களில் வரைந்திருக்கிறார். நெதர்லாந்தில் அந்தப் புத்தகத்துக்கு 1997இல் வெள்ளி எழுதுகோல் விருது கொடுத்தார்கள்.

அந்தப் புத்தகத்தை வாங்கி இரண்டு ஆண்டுகள் நான் அலமாரியின் மேல்தட்டிலேயே வைத்திருந்தேன். பிறகு என் அம்மா இறந்தார். துக்க வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, மகளை எதிர்வீட்டுக்கு அனுப்பினோம். மாலையில் அவள் திரும்பி வந்தபோது அப்பாயியின் கட்டில் காலியாக இருந்தது, கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். "அப்பாயி எங்க?" என்றாள். சாமிகிட்ட போயிட்டாங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் யாரிடமும் மறுகேள்வி கேட்கவில்லை, அழவும் இல்லை. அவள் வழியனுப்ப விடாமல் தடுத்தது நாங்கள்தான் என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு மேல்தட்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அவளுக்குச் சொன்னேன். எதுகை தேடவில்லை, படத்தில் இருப்பதை அப்படியே சொன்னேன். பாட்டி முயல் படுத்திருக்கும் பக்கத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அப்பாயியும் இப்படித்தான் படுத்திருந்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கண் மூடியிருந்ததா, மூச்சு இல்லையா, பூ வைத்தார்களா, யார் தூக்கிக்கொண்டு போனது என்று பதினாறு நாளாக உள்ளே வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள், நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நம் வீட்டில் பெட்டி இல்லை, பாடையில் தூக்கினோம், எரித்தோம், சாம்பலைக் காவிரியில் கரைத்தோம் என்றும் சொன்னேன். வாயில்லாமல் ஒரு பெருக்கல் குறியோடு அந்த முயல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தது.

இந்த முறை அவள் கண்ணீர்த் துளியைத் துடைக்கவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை வாங்கி மறுபடி முதலிலிருந்து திருப்பி, பாட்டி படுத்திருக்கும் பக்கம் வந்ததும் அதை விரித்தபடியே தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்பாயிக்கு என்ன பூ வச்சாங்க?" என்றாள்.

மல்லிகையும் சம்பங்கியும் என்றேன்.