தமிழ் சேவ் ஆனது, எமோஜி ஆகவில்லை: போஸ்ட்கிரெஸுக்கு வந்து சேர்ந்த கதை

அக்கா வீட்டுக்காரர் ஈரோட்டில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். ஆர்டரை டைரியில் எழுதி, டைரியைத் தொலைப்பது அவர் வழக்கம். அதற்காக ஜாங்கோவில் (பைதானில் வெப் ஆப் கட்டும் ஃபிரேம்வொர்க்) ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்தேன். லேப்டாப்பில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸோடு எல்லாம் அழகாக ஓடியது. அவரிடம் ஏற்கெனவே ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் இருந்தது. அதில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மட்டும்தான் உண்டு. "காசு கட்டியாச்சு மாப்ள, அதுலயே போட்ரு" என்றார் மாமா. நான் டேட்டாபேஸ் தேர்ந்தெடுத்த லட்சணம் அவ்வளவுதான்.

டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையைக் கொடுத்ததும் முதல் அடி. ஜாங்கோ 4.2 மைஎஸ்க்யூஎல் 8 கேட்கிறது, அங்கே இருந்ததோ 5.7. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நான் ஜாங்கோவை 3.2-க்கு இறக்கினேன். செருப்புக்காகக் காலை வெட்டிய வேலை.

பத்து நாள் கழித்து போன். "சில ஆர்டர் சேவ் ஆகுது, சிலது எர்ரர்ங்குது." இரண்டு ராத்திரி லாகைத் தோண்டினேன். மாட்டிய ஆர்டரின் குறிப்பில் "300 இலை, வடை சூடா இருக்கணும்" என்று இருந்தது, அதன் பின்னால் ஒரு கைகூப்பும் எமோஜி. குற்றவாளி அதுதான். யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. மைஎஸ்க்யூஎல் 'யூடிஎஃப்8' என்று சொல்வது முழு யூடிஎஃப்-8 இல்லை. ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் வாங்காது. க, ங, கொம்பு, புள்ளி எல்லாம் சரியாக 3 பைட். எமோஜிக்கு 4. நானோ தமிழில் நாலு வரி அடித்துப் பார்த்து, யூனிகோட் சரி என்று டிக் போட்டிருந்தேன். எமோஜி மட்டுமா? 2019-இல் யூனிகோடில் சேர்ந்த உழக்கு, குறுணி மாதிரியான பழைய அளவைக் குறிகளும் 4 பைட்தான். சமையல் கணக்குக்கு என்ன பொருத்தம் பாருங்கள்.

ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். "தமிழ் நல்லா வருதே சார், எங்க பக்கம் பிரச்சினை இல்லை." மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இதே பதில். கடைசியில் ஒவ்வொரு டேபிளாக நானே, 4 பைட்டும் வாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4'-க்கு மாற்றினேன். அப்படியும் எர்ரர். டேபிளை மாற்றினால் போதாது. ஜாங்கோ 3.2-இல் செட்டிங்ஸில் ஆப்ஷன்ஸுக்குள் சார்செட்டையும் (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) அதே பெயரில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய யூடிஎஃப்8-இலேயே பேசிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ராத்திரி.

ஆனால் என்னை விரட்டியது அடுத்த சம்பவம். ஒரே மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் ஜாங்கோ ஃபைல்) டேபிளுக்கு இரண்டு புதுக் காலம் (column), கூடவே போன் நம்பர் இரண்டு முறை வரக் கூடாது என்ற 'யூனிக்' விதி. ஒரே மண்டப மேனேஜரின் நம்பர் இரண்டு வாடிக்கையாளர் பெயரில் இருந்ததால் யூனிக் அடிபட்டது. மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பை மாற்றும் வேலை டிரான்ஸாக்‌ஷனுக்குள் வராது. அதாவது, பாதியில் தோற்றாலும் முன்னால் செய்தது ரத்தாகாது. காலம் இரண்டும் உள்ளே போய்விட்டன, ஜாங்கோவோ மைக்ரேஷன் நடக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது. திரும்ப ஓட்டினால் 'டூப்ளிகேட் காலம்'. மறுநாள் முகூர்த்தம், ராத்திரி பதினொரு மணிக்குக் கையால் காலத்தை அழித்துக்கொண்டிருந்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸாக இருந்தால் மொத்தமாகப் பின்வாங்கியிருக்கும், ஒரு சுவடும் இருக்காது.

சின்ன விபிஎஸ் (நானே நிர்வகிக்கும் வாடகை சர்வர்) ஒன்று எடுத்தேன். போஸ்ட்கிரெஸ் 15. டேட்டாபேஸ் உருவாக்கி, யூசருக்கு எல்லா உரிமையும் கொடுத்து மைக்ரேட் ஓட்டினால், டேபிள்கள் போய் உட்காரும் 'பப்ளிக்' ஸ்கீமாவில் அனுமதி இல்லை என்கிறது. இணையத்தில் கிடைத்த பாதிக் குறிப்புகள் பழசு. 15-ஆம் பதிப்பிலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் போட முடியாது. டேட்டாபேஸின் ஓனராகவே அந்த யூசரைப் போட்டுவிடுங்கள், ஒரே வரியில் முடிந்தது.

டேட்டாவை ஜாங்கோவின் டம்ப்டேட்டா (எடுப்பது), லோட்டேட்டா (ஏற்றுவது) கட்டளைகளிலேயே மாற்றினேன். ஜாங்கோ தானே உருவாக்கிக்கொள்ளும் கன்டென்ட்டைப்ஸையும் பெர்மிஷன்களையும் விலக்கி, ஐடி எண்ணுக்குப் பதில் பெயரால் இணைக்கும் நேச்சுரல் ஃபாரின் கீயோடு எடுங்கள். நான் முதல் முறை அப்படியே எடுத்து, ஏற்றும்போது முட்டிக்கொண்டேன். ஜாங்கோவும் 4.2-க்குத் திரும்பியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமா போன். "உள்ளயே போக முடியல." பாஸ்வேர்டு சரி, பெயரும் சரி. அவர் போன் கீபோர்டு பெயரின் முதல் எழுத்தைத் தானாகவே கேப்பிட்டல் ஆக்குகிறது. மைஎஸ்க்யூஎல் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவில்லை, போஸ்ட்கிரெஸ் கண்டுகொள்கிறது. ஜாங்கோவின் சொந்த லாகின் ஃபார்மில் இதைத் தடுக்க ஏற்பாடு உண்டு. நான்தான் அழகுக்காகக் கையால் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும்படி மாற்றினேன்.

"பழசு நல்லாத்தான இருந்துச்சு, எதுக்கு மாப்ள மாத்துன?" என்றார். ஹோஸ்டிங் சந்தா இன்னும் ஏழு மாதம் பாக்கி இருப்பதையும் சொல்லிக்காட்டினார்.